மேலைவாயிற் காவலன் எயினன் உறக்கம் குறித்து மகாமந்திரிக்கு எழுதிய ஓலை

அரசர் நீடு வாழ்க. சிங்கமலைக் கோடை மாளிகையில், நோய்க்கு எட்டாத உயரத்தில் எழுந்தருளியிருக்கும் மகாமந்திரி அரையன் மாதேவனார் திருமுன்பு, வாகைக்கோட்டைக் காவல் நாயகன் பூதன் காரி எழுதுவது. உம் குடியைப் பிணி அணுகாதிருக்க. இங்கே அணுகி நாற்பத்தொரு நாளாயிற்று.

இதை ஓலைக்காரரைக் கொண்டு எழுதுவிக்கவில்லை. நான் சொல்வதை மெழுகிவிட்டு, உமக்குத் தனியே ஒரு நகல் அனுப்புவார்கள். எழுத்தாணி அதிகம் பிடிக்காத கை. எழுத்து கோணும், பொருள் கோணாது.

எயினன் இராசத்துரோகி, கதவடைத்த அவன் வலக்கையை வெட்டுக என்று கட்டளையிட்டு, வாளோடு இருவரை அனுப்பினீர். நடந்தது என்னவென்று இங்கே ஒருவரையும் கேட்டீரில்லை. கேளாமலே சொல்கிறேன்.

எங்களுக்குக் காவல் முறை முடிவது பொழுதைக் கொண்டன்று. நின்றவன் தன் தடியை வருகிறவன் கையில் கொடுப்பான். வாங்கினவன், இனிக் காவல் என்னுடையது, நீ போய்ப் படு என்பான். அதைக் கேட்ட பிறகே முதலாமவனுக்கு உறக்கம் வரும். பிணி பரவிய முப்பதாம் நாள், தடியைத் தரையில் வைத்துப் பத்தடி விலகுக, வாய் திறவற்க என்று உம் ஓலை வந்தது. மருத்துவர் சொன்னாரோ, நீரே நினைத்தீரோ, அறியேன். கீழ்ப்படிந்தேன், படியாதவனை அடித்துப் படியவைத்தேன். அது என் குற்றம்.

அன்று முதல் என் ஆட்களுக்கு உறக்கம் போயிற்று. பகலெல்லாம் பிணம் சுமந்து, அடைத்த வீடுகளிலிருந்து வசவு வாங்கி, வந்து படுப்பார்கள், கண் மூடாது. கஞ்சிக் கலயத்தைக் கையில் ஏந்தியபடி குடிக்க மறந்து நிற்பார்கள். குறும்பன் என்பவன் ஒரு சுவரை வழிமறித்து எந்த ஊர் என்று கேட்டான். முதல் நாள் சிரித்தோம். படுத்துத் தொலையுங்களடா என்று நான் வைதபோது எயினன், “தரையில கெடந்த தடிய நாயும் கவ்விட்டுப் போகும் நாயகரே, அது மாத்தாகுமா? எங்க முறை இன்னும் முடியலையே” என்றான். திமிர் என்று எண்ணிவிட்டேன்.

அவன் உறங்காத ஒன்பதாம் நாள் உச்சிவேளையில், உம் மைத்துனர் நகரைவிட்டு உம்மிடம் வரப் பல்லக்கேறி மேலைவாயிலுக்கு வந்தார். எயினன் கதவை அடைத்தான். ஓடிப்போய்க் கேட்டேன். பல்லக்கு வரிசையைக் காட்டி, “நேத்து நான் சுடுகாட்டுல தூக்கிப் போட்டவங்க வரிசை கலையாம வராங்க. வெளிய விட்டா அடுத்த ஊருக்கும் பரவுமே” என்று மெதுவாகத்தான் சொன்னான். வாயை முகர்ந்து பார்த்தேன், கள் இல்லை. உம் மைத்துனரோ, குடிகார நாயைக் கட்டிப்போடு என்று திரைக்குள்ளிருந்தே கத்தினார். நான் கதவைத் திறக்கும்வரை ஒரு நாழிகை வெயிலில் இருந்ததே அவர் பட்ட துன்பம்.

அவர் போனதும் எயினன் தடியை என் கையால் வாங்கினேன். இனிக் காவல் என்னுடையது, நீ போய்ப் படு என்றேன். நின்ற இடத்திலேயே சரிந்தான். செத்தான் என்று நினைத்தேன், குறட்டை வந்தது. இரண்டு நாளாக, கஞ்சிக்கு எழுந்த நேரம் போக, உறங்குகிறான். மற்றவரும் தடியை வேப்பிலை நீரில் கழுவிக் கைமாற்றுகிறார்கள். ஆணை என்னுடையது. துரோகி என்று எழுதுவதாயின் என் பெயரை எழுதும்.

உம் ஆட்கள் இருவரும் நேற்று வந்தார்கள். வெளியூரார் எவராயினும் நாற்பது நாள் மதிலுக்கு வெளியே கொட்டகையில் இருந்தபின்பே நகர் புகவேண்டும் என்பது உமது கட்டளை. கை வெட்ட வருகிறவர்க்கு அதில் விலக்கு இல்லை. கொட்டகையில் இருக்கிறார்கள், வாள்கள் என்னிடம் உள்ளன. மேலும் ஆள் அனுப்புவதாயின் பாயும் அரிசியும் கொடுத்து அனுப்புக. இங்கே கொட்டகைக்குக் குறைவில்லை.

காவல் முத்திரை இட்டேன். இவ்வோலை கொணர்ந்தவனை உணவளித்து உறங்கவைத்துத் திருப்பி அனுப்புக.