திரைக்கு அடியில் ஓடிய பெயர்

ஜனவரி 7, வெள்ளி. திண்டுக்கல்.

காலையில் பனி. மலைக்கோட்டை கண்ணில் படவே இல்லை. பெட்டி கட்டும் வேலை. எடுத்துப்போக: கம்பளி, தலைவலி மாத்திரை, அழைப்புக் கடிதம், இரண்டு பருத்திப் புடவை. பட்டு வேண்டாம். டெல்லி சர்வதேசப் பட விழாவில் வசனகர்த்தாவின் புடவையை யார் பார்க்கப் போகிறார்கள்.

டைரக்டர் சேகர் மெட்ராஸிலிருந்து டிரங்க் கால். "அக்கா, வெள்ளைக்காரனெல்லாம் எந்திரிச்சு நின்னு கை தட்டப் போறான் பாருங்க." பார்ப்போம்.

ஜனவரி 11, செவ்வாய். டெல்லி.

விரல் மடக்க முடியாத குளிர். பத்து மணிக் காட்சி. அரங்கில் பாதிக்குமேல் ஆள்.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் மனம் குழம்பிக்கொண்டே இருக்கும்.

பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. அவர் என்ன படிக்கிறார் என்று நானும் அடியில் ஓடும் ஆங்கில வரிகளைப் பார்த்தேன். நான் எழுதிய வரிகள்தான். மூன்றாவது ரீல். திரையில் கதாநாயகி "நான் மாரியம்மா" என்கிறாள். அடியில் வெள்ளை எழுத்தில்: பாண்டியம்மாள். அடுத்து வேடசந்தூர். அடுத்து செல்வி. எல்லாம் உண்மைப் பெயர்கள். பதினோரு இடம்.

என் பழக்கம் இது. நிஜ ஆளின் பெயரை வைத்து எழுதினால்தான் எனக்குப் பேச்சு வரும். பெயரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். நம் படங்களில் படப்பிடிப்பில் பேசுவது எதுவும் நிற்காது, டப்பிங்கில் பேசுவதுதான். அங்கே வாயசைப்புக்குப் பொருந்தும்படி பாண்டியம்மாளை மாரியம்மாள் ஆக்கினோம். ஊர்ப்பெயரை எடுத்தோம். பென்சில் திருத்தம் எல்லாம் டப்பிங் பிரதியில். ஆங்கில வரிகளை நான் எழுதியது சுத்தமாக டைப் அடித்த பிரதியை வைத்து. அதாவது பழைய பிரதி. அந்த வரிகளைப் படச்சுருளில் பதித்த லேபில் எல்லோரும் தமிழர்கள். தமிழ்ப் படத்துக்கு அடியில் யார் படிப்பார்கள்? நானே படிக்கவில்லை.

பாண்டியம்மாள் வேடசந்தூர் மில்லில் நூல் பிரிவு. செல்வி அவளுக்குப் பக்கத்து மெஷின். காய்ச்சலோடு நின்ற செல்வியை மேஸ்திரி வெளியே விடவில்லை. அங்கேயே விழுந்து செத்தாள். அன்று அவள் லீவு என்று மில் எழுதிக்கொண்டது. வாசல்வரை தூக்கிவந்தவள் பாண்டியம்மாள்தான். நான் பாடம் நடத்தக் காலேஜுக்குப் போய்வந்த பஸ்ஸில் என்னிடம் சொன்னபோது கேட்டது ஒன்றே ஒன்று: "பேரு மட்டும் வரப்படாது டீச்சர்."

சேகரிடம் சொன்னேன். "போங்கக்கா, மில்லு முதலாளி டெல்லிக்கு வந்தா பாக்கப் போறான்?"

மாலையில் ஒரு பத்திரிகைக்காரர். பாண்டியம்மாள் உண்மையில் இருப்பவரா என்றார். கற்பனை என்றேன். அந்த ஒரு சொல்லைவிட நிறைய எழுதிக்கொண்டார்.

ஜனவரி 12, புதன். ரயில்.

விழா முடியும்வரை இருக்க முடியவில்லை. சேகருக்குக் கோபம். எதிர் பெர்த்தில் ஒருவர் பேப்பர் பிரிக்கும்போதெல்லாம் எட்டித் தலைப்புகளைத் தேடுகிறேன். சாப்பாடு: ஒரு வாழைப்பழம்.

ஜனவரி 14, வெள்ளி. மெட்ராஸ், எழும்பூர்.

வந்துவிட்டது. ஆங்கில நாளிதழ், ஆறாம் பக்கம், கால் பத்தி. 'வேடசந்தூர் மில் தொழிலாளி பாண்டியம்மாளின் உண்மைக் கதை என்கிறார் இயக்குநர்.' சேகர்! பெருமை தாங்காமல் சொல்லியிருக்கிறான்.

ஸ்டாலில் இருந்த ஆறு பிரதிகளையும் வாங்கினேன். பைத்தியக்காரத்தனம். மில் ஆபீசுக்குத் தபாலில் போகிற பிரதியை எப்படி வாங்குவது?

மில் பொங்கலுக்கு மூடல். திங்கள்தான் திறக்கும். அதுவரை அவகாசம்.

ஜனவரி 15, சனி.

திண்டுக்கல்லில் இறங்கியதும் வீட்டில் பெட்டியை வைத்துவிட்டு வேடசந்தூர் பஸ். வழியெல்லாம் கொம்புக்குச் சாயம் பூசிய மாடுகள். பாண்டியம்மாள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க டீச்சர்! டெல்லில என்ன சொன்னாக நம்ம படத்த?"

அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "என்னா பாண்டி, சினிமாக்காரி ஆயிட்ட, எங்களையெல்லாம் மறந்துராத."

"போடி, ஒனக்குத்தான் மொத சீட்டு."

உள்ளே போய்ச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"பேரு வராதுன்னீகளே."

"ஆமா."

"சத்தத்துல வரலேல்ல?"

"வரல. எழுத்துல வந்திருச்சு. இங்கிலீசுல."

"அப்ப படிச்சவுகளுக்குத்தான் தெரியும்." கதவைச் சாத்திவிட்டு, "மேனேசரு படிச்சவருதான்."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. இரண்டு பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், புருஷன் இல்லை. "இங்க வெளிய தள்ளுனா சுத்துப்பட்டுல எந்த மில்லுலயும் ஏத்த மாட்டாக டீச்சர். என்னத்தையாச்சும் சொல்லி வேலைய மட்டும் காப்பாத்திக் குடுங்க."

சரி என்றேன். எப்படி என்று தெரியாமல்.

ஜனவரி 16, ஞாயிறு.

தெருவில் ஜீப் சத்தம். கதவைத் தாழிட்டேன். யாரோ கல்யாண வீட்டுக்காரர்கள்.

சொல்லவேண்டியதைக் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன். இருபது வருஷம் மற்றவர் வாய்க்கு வசனம் எழுதியவளுக்குத் தன் வாயில் நான்கு வரி நிற்கவில்லை.

ஜனவரி 17, திங்கள்.

வெயில். காலை ஒன்பது, மில் ஆபீஸ். எங்களுக்கு முன்பே மேஜைமேல் பேப்பர், சிவப்புப் பென்சில் கோட்டோடு. பாண்டியம்மாளை வராந்தாவிலேயே நிற்கவைத்துவிட்டார்கள்.

மேனேஜர் மரியாதையானவர். காபி வந்தது. கோபமாகப் பேசியிருந்தால் பயம் குறைந்திருக்கும்.

"மேடம், நீங்க காலேஜ்ல பாடம் நடத்துனவங்க. டைரக்டர் ஏதோ ஆர்வத்துல சொல்லிட்டாரு. நீங்க என்ன சொல்றீங்க?"

கற்பனை என்றேன். பெயர் தற்செயல். பாண்டியம்மாள் என்னிடம் எதுவும் சொன்னதில்லை.

"சந்தோஷம். அத அப்படியே எழுதிக் குடுத்துருங்க."

எழுதினேன். படித்தார். கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: செல்வி என்ற பெயரில் இந்த மில்லில் யாரும் இறந்ததில்லை.

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப வேற யாருக்குத் தெரியும், மேடம்?" மெதுவாகத்தான் கேட்டார். கண் வராந்தாப் பக்கம் போய்த் திரும்பியது.

எழுதினேன். கையெழுத்து, தேதி.

வெளியே பாண்டியம்மாள் தூணை ஒட்டி நின்றாள்.

"வேலை, டீச்சர்?"

"இருக்கு. ரெண்டாவது ஷிப்டுக்கு வரச் சொன்னாங்க."

முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். கும்பிட்டாள். கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

"என்னன்னு எழுதுனீக?"

"எல்லாம் கற்பனைன்னு."

கேட் வரைக்கும் கூட வந்தாள். பிறகு என்னைப் பார்க்காமல்,

"செல்வியுமா, டீச்சர்?"