ஆண்களை உள்ளே விடாத வாசலும் தாழ்ப்பாள் இல்லாத கதவும்

அனுப்புநர்
அ. துரைராஜ் (படிப்பு: ஒன்பதாவது, பரீட்சை எழுதவில்லை),
ஏரிக்கரைத் தெரு, உத்திரமேரூர்.

பெறுநர்
உயர்திரு இணை இயக்குநர் அவர்கள்,
மருத்துவ நலப்பணிகள், காஞ்சிபுரம்.

பொருள்: குழந்தையின்மைக்கு ஆண்களையும் பரிசோதிக்க வழிவிடுதல், கழிப்பறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் – கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இது இப்படித்தான் வந்து நிற்கும் என்று நான் முதலிலேயே சொன்னேன். ஊரே சாட்சி. என் அக்கா மகன் பாஸ்கருக்கும் சாந்தினிக்கும் கல்யாணமாகி ஐந்து வருஷம், குழந்தை இல்லை. "பொண்ண உடுங்க, நம்ம பையனப் பாருங்க" என்று சொன்ன ஒரே ஆம்பளை அடியேன்தான்.

1. பாஸ்கர் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறான். சிறுநீர் போனால் எரிச்சல் என்று வெகுநாளாகச் சொல்லிக்கினு இருந்தான். மெஷின் சீட்டுச் சூடு என்று முடிவுகட்டி, நுங்கு, இளநீர், வெந்தயம், எண்ணெய்க் குளியல் என்று குளிரவைத்தோம். (எண்ணெய்க் குளியல் மட்டும் என் யோசனை.) அது சூடல்ல, கிருமி என்று பிற்பாடுதான் தெரிந்தது. சாந்தினிக்கோ ஸ்கேன் மேல் ஸ்கேன், எல்லாம் நார்மல். இருந்தும் என் அக்கா பார்வதி மகனுக்கு வேறு பெண் பார்க்கக் கிளம்பிவிட்டாள்.

2. நாங்கள் போகும் அரசு மருத்துவமனையில் குழந்தையின்மை டாக்டர் உட்காருவது பிரசவ வார்டுக்குள். வாசலில் "ஆண்களுக்கு அனுமதி இல்லை" பலகை. காவலாளி பாஸ்கரைப் பார்த்து, "இன்னா நைனா, உனக்கா பிரசவம்?" என்றார். அவர் மேல் புகார் இல்லை, நல்ல மனுஷன். அவர் வேலைக்கு ஆபத்து வரக்கூடாது என்றே மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை, நேரில் சொல்லுவேன். ஆணை உள்ளே விடாமல் ஆணிடம் இருக்கும் கிருமியை எப்படி ஐயா பிடிப்பது?

3. பாஸ்கர் வண்டியைத் திருப்பிவிட்டான். நான் சாவியைப் பிடுங்கி, "மாப்ள, உன் வயசுல எனக்கும் இதே எரிச்சல், கிருமின்னாங்க. மாத்திரை சாப்ட்டு சிங்கம் மாதிரி எழுந்தேன், அப்புறம்தான் நம்ம பரிமளாவே பொறந்தா" என்று தேற்றினேன். பிறகு வாசலில் நின்று ஆங்கிலத்தில் பேசினேன். டாக்டரம்மாவே எழுந்து வந்து விந்துப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதினார்.

4. மாதிரி எடுக்கக் காட்டிய இடம் பொதுக் கழிப்பறை. தாழ்ப்பாள் இல்லை. நானே வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்தேன். பின்னால் ஐம்பது பேர் (எட்டுக்குக் குறையாது). ஒருவர், "உள்ள குடித்தனமே வச்சிட்டானா?" என்று கத்தினார்.

5. விந்தில் சீழ் அணுக்களும் பாக்டீரியாவும் இருந்தன. மாத்திரையில் சரியாகும், புருஷன் பெண்சாதி இருவரும் முழுசாகச் சாப்பிட்டு, பிறகு மறுபரிசோதனை செய்யவேண்டும் என்றார் டாக்டரம்மா. எரிச்சல் இப்போதே குறைந்துவிட்டது. ஆனால், "அந்தக் கதவாண்ட இனிமே வரமாட்டேன் மாமா" என்கிறான் பாஸ்கர். மறுபரிசோதனை முடிவைப் பார்த்தால்தான் பெண் தேடுவதை நிறுத்துவேன் என்கிறாள் அக்கா. சாந்தினியின் வாழ்க்கை ஒரு தாழ்ப்பாளில் தொங்குகிறது ஐயா.

ஆகவே, டாக்டரைப் பார்க்கவரும் கணவன்மார்களை உள்ளே விடவும், அந்தக் கதவுக்கு நல்ல இரும்புத் தாழ்ப்பாளாகப் போடவும் உத்தரவிடுமாறு கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை பிறந்தால் முதல் மிட்டாய் தங்கள் அலுவலகத்துக்கே.

இடம்: உத்திரமேரூர்
நாள்: 12.02.2025

இப்படிக்கு,
அ. துரைராஜ்

பி.கு.: பத்தி 3-இல் உள்ள கிருமி எனக்கு வரவே இல்லை. என் மகள் பரிமளா, எனக்குக் கல்யாணமான வருஷமே பிறந்துவிட்டாள். ஆனால் பாஸ்கர் அதை நம்பித்தான் இன்னும் மாத்திரை சாப்பிடுகிறான். விசாரணைக்கு வரும் அதிகாரி அவன் எதிரில் கேட்டால், ஆமாம், வந்தது என்றுதான் சொல்லுவேன். தயவுசெய்து அப்படியே எழுதிக்கொள்ளவும்.