வண்டி ஏறாத ரோடு

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். வாசலில் உன் ரோடும் நலம். அது அளவுக்கு மீறி நலமாக இருப்பதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். தாரில் ரப்பரைக் கலந்து, இரண்டும் பிரிந்துபோகாமல் பிடித்துவைக்கக் கொஞ்சம் கந்தகமும் சேர்த்து நீ உருவாக்கிய கலவையை, பரிசோதனைக்காக நம் தெருவில் நம் வீட்டுப் பக்கத்துப் பாதியில் போட்டார்கள் அல்லவா. (கந்தகத்தின் வேலையை நம் குடும்பத்தில் உன் அத்தை செய்துவந்தாள், அவளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள யாரும் விரும்பியதில்லை.) எதிர்ப்பக்கத்துப் பாதி வெறும் தார். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் போயின. போன வாரம் சாலைப் பொறியாளர் வந்து குனிந்து பார்த்தார், அளவுகோல் வைத்துப் பார்த்தார். எதிர்ப்பக்கம் பல்லுப்போன வாய்போல இருந்தது, நம் பக்கம் ஒரு கீறல்கூட இல்லை. "உங்க பொண்ணு சாதிச்சிடுச்சு சார், மேம்பாலத்துக்கே இதத்தான் சிபாரிசு பண்ணப்போறேன்" என்றார். அந்த அறிக்கை வந்தால் உன் வேலை நிரந்தரமாகும் என்று நீ எழுதியிருந்ததை நினைத்து அவருக்கு இரண்டாவது முறையும் காபி கொடுத்தேன்.

அவர் போனதும் எதிர்வீட்டுத் தையல்காரர் வந்தார். "உங்க பொண்ணு ரோட்டுக்கு எங்க வாசல்ல குழி விழுது சார், இது என்ன நியாயம்" என்றார். விசாரித்ததில் தெரிந்தது: நான் காலையில் நூலக வேலைக்குக் கிளம்பியதும் உன் அம்மா பூந்தொட்டிகளையும் கால் உடைந்த நாற்காலியையும் உன் பாதியில் வரிசையாக வைத்துவிடுவாளாம், நான் திரும்புவதற்குள் எடுத்துவிடுவாளாம். தெருக்கோடி மரக்கடைக்கு வரும் லாரிகள் எல்லாம் எதிர்ப்பக்கமாகவே போய் வந்திருக்கின்றன. தொட்டிகள் வாசலுக்கு வருவதை நானும் ஓரிரு முறை பார்த்ததுண்டு, வெயிலுக்காக என்று நினைத்தேன். நாற்காலிக்கு எதற்கு வெயில் என்று யோசித்திருக்கலாம். கேட்டால், "என் பொண்ணு ரோட்டு மேல மரலாரி ஏறினா பாத்துக்கிட்டு நிப்பேனா" என்கிறாள். உன்னையும் இப்படித்தான் பதினைந்து வயதுவரை சைக்கிள் தொடவிடாமல் வளர்த்தாள் என்பது உனக்கே தெரியும்.

மறுநாள் பொறியாளரைப் போய்ப் பார்த்துச் சொன்னேன். "ரோடு நல்லாத்தானே சார் இருக்கு, விட்டுடுங்களேன்" என்றார். வராத லாரியைத் தாங்கின ரோட்டை நம்பி மேம்பாலத்தில் பஸ்ஸை விடாதீர்கள் என்றேன். அறிக்கை இன்னும் ஒரு மழைக்காலம் தள்ளிப்போகிறது, உன் நிரந்தரமும் அதோடு தள்ளிப்போகும். கோபம் வந்தால் எனக்கு எழுது, அம்மாவுக்கு வேண்டாம். பொறியாளரிடம் சொன்னதற்காக அவள் நேற்றுவரை என்னோடு பேசவில்லை, கோபத்துக்கு ஒரு வீட்டுக்கு ஒருவர் போதும்.

நேற்று நூலகத்துக்கு லீவு போட்டுவிட்டு, தொட்டிகளை நானே உள்ளே எடுத்து வைத்தேன். மரலாரி முழுச் சுமையோடு வந்தது. டிரைவர் பழக்கதோஷத்தில் எதிர்ப்பக்கம் ஒதுங்கினார், நான் கை காட்டினேன். "வேணாம் சார், அம்மா திட்டுவாங்க" என்றார். அம்மா துடைப்பத்தோடு வாசலில்தான் நின்றாள். கொஞ்ச நேரம் லாரியைப் பார்த்துவிட்டு, "போப்பா, மெதுவா போ" என்றாள். போனதும் குனிந்து, சக்கரம் ஏறிய இடத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். "ஒண்ணும் ஆகல" என்றாள். பேச்சை நிறுத்திய பிறகு என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது. ஒரு லாரியை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றேன். "நாளைக்கும் வரட்டும்" என்றாள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. குளிரில் காதை மூடிக்கொண்டு போகச் சொல்லி அம்மா எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். மூடுவதும் மூடாததும் உன் இஷ்டம். எந்தச் சுமை வந்தாலும் தாங்கி, தேயாமல் நன்றாயிரு.

இப்படிக்கு,
வாசலில் லாரிகளை எண்ணிக்கொண்டிருக்கும்
உன் அப்பா