ஏழு பிரதிகளோடு போன பெட்டிசம்

அம்பிட்டிய, கண்டி.
பெப்ரவரி 20, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் அனற்றுக்கு அப்பா எழுதுவது.

மாதாவின் துணையால் நான் சுகமாக இருக்கிறேன். நீயும் சுகமாக இருக்கிறாய் என்று உன் அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்வதை வைத்து நம்பிக்கொண்டிருக்கிறேன். உன் வாயால் அதைக் கேட்டு முப்பத்தெட்டு நாளாகிறது. வாட்ஸ்அப்பில் நான் அனுப்பியவை எல்லாவற்றுக்கும் ஒற்றைச் சரி அடையாளம்தான் விழுகிறது, அதன் அர்த்தம் என்னவென்று சந்தியில் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கும் பளீல் நானாதான் விளக்கினார், விளக்கிவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போட்டோகொப்பி மெஷினைத் துடைக்கத் தொடங்கினார். அதனால் இதைத் தாளில் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதென்றாலும் கடிதத்தை ஒரு தடவை கையில் எடுத்துத்தான் ஆகவேண்டும்.

இங்கே புதினம் பெரிதாக இல்லை. உன் அம்மா வத்தளைக்கு அண்ணன் ஜொனியின் குழந்தையைப் பார்க்கப் போய் நான்கு மாதமாகிவிட்டது, இரண்டு கிழமை என்று சொல்லித்தான் போனாள். எப்போது வருகிறாய் என்று கேட்டால், "நீங்க ஊரோட சண்ட புடிச்சி முடிச்சிட்டு சொல்லுங்க, வர்றேன்" என்கிறாள். நானா சண்டை பிடிக்கிறேன்? குழந்தைக்கு ஞானஸ்நானப் பெயர் வைக்கும்போது உன் அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதை நான் மறக்கவில்லை, மறக்கும் எண்ணமும் இல்லை, அது வேறு விஷயம். ஒரு சுண்டு அரிசி போட்டால் இரண்டு நேரத்துக்கு எனக்குக் காண்கிறது. முற்றத்தில் உன் கூடைப்பந்து வளையத்தின் வலையைக் குரங்குகள் பிய்த்துவிட்டன, ஒரு கிழட்டுக் குரங்கு தினமும் காலையில் வந்து வளையத்துக்குள் குந்திக்கொண்டு வீட்டைப் பார்க்கிறது, முன்பென்றால் கல்லெடுத்திருப்பேன், இப்போது விரட்டுவதில்லை, முற்றத்தில் ஏதோ ஒன்றாவது அசையட்டும் என்று விட்டுவிட்டேன். குசினி வாசல் நிலையில் உன் தலை இடிபடாமல் இருக்க நான் ஒட்டிய ஸ்பொஞ்ச் ஒரு பக்கம் கழன்று தொங்கியது. பசை வாங்கி வந்து திரும்ப ஒட்டினேன். ஆறடி இரண்டங்குலத்தில் இந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை என்பது ஒட்டி முடித்துக் கை கழுவும்போதுதான் நினைவுக்கு வந்தது.

உங்கள் பல்கலைக்கழக அணியின் ஆட்டங்கள் எல்லாவற்றையும் பார்க்கிறேன். அமெரிக்காவில் உங்களுடைய மாலை ஏழு மணி இங்கே விடியற்காலை ஐந்தரை, பிளேன்டீ ஒன்றை ஊற்றிக்கொண்டு போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு உட்காருவேன். நீ விளையாடமாட்டாய் என்று தெரியும். கமரா பெஞ்சுப் பக்கம் திரும்பும் நேரத்துக்காகத்தான் இருக்கிறேன். சில நாட்களில் இரண்டு தடவை தெரிகிறாய், போன செவ்வாய் ஐந்து தடவை தெரிந்தாய். களைத்து வருகிற பிள்ளைக்கு முதலில் எழுந்து இடம் கொடுப்பது நீதான், அந்த ஏழாம் நம்பர்காரி வந்தாலும் எழும்புகிறாய். இந்த வருடம் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளைத் தரப்படுத்திய பட்டியலில் நீ இருபத்தேழாவது, அவள் நாற்பத்துநான்காவது, அவள் ஓர் ஆட்டத்தில் இருபத்தெட்டு நிமிடம் ஓடுகிறாள், நீ அவளுக்குத் தண்ணீர்ப் போத்தல் நீட்டுகிறாய். இதைப் பார்த்துக்கொண்டு இருக்கிற தகப்பனின் வயிறு எப்படி எரியும் என்று நீ யோசிக்கவேண்டும் என்றுதான் முதலில் எழுத நினைத்தேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். ஒக்டோபரில் நீ போன் எடுத்து, "அப்பா, இந்த வருஷம் என்னைய மேட்ச்ல எறக்க மாட்டாங்களாம், ஒடம்புல பலம் ஏறணுமாம், பந்து போடுற விதத்தையும் மொதல்லருந்து மாத்தணுமாம், நானும் சரின்னுட்டேன்" என்றாய். கடைசி இரண்டு சொல் என் காதில் ஏறவில்லை. மாகாண அணித் தெரிவில் என் பெயரை வெட்டிவிட்டு யாரோ ஒருவரின் மருமகனைப் போட்ட அன்று நான் மைதானத்து வேலியோரம் நின்றேனே, பத்தொன்பது வயதில், அங்கேதான் திரும்பப் போய் நின்றேன். மாற்றச் சொல்வது நான் சொல்லிக் கொடுத்த விதத்தை என்பதும் சுட்டது. இரண்டு மாதம் அடக்கிப் பார்த்தேன், டிசம்பரில் உட்கார்ந்து பெட்டிசம் எழுதினேன். திறமை வாய்ந்த வீராங்கனை ஒருவர் திட்டமிட்டு ஒதுக்கப்படுதல் தொடர்பாக என்று பொருள் போட்டு, பதினான்கு பந்தி, நல்ல ஆங்கிலத்தில். மூலம் உங்கள் கோச்சுக்கு, பிரதிகள் ஏழு பேருக்கு, உங்கள் பல்கலைக்கழகத் தலைவர், விளையாட்டுப் பணிப்பாளர், அவருக்குக் கீழே பெண்கள் பிரிவுக்கு உள்ளவர், போட்டி நடத்துகிற சபை, இங்கே விளையாட்டு அமைச்சின் செயலாளர், கூடைப்பந்துச் சங்கம், கொழும்பில் உள்ள அமெரிக்கத் தூதரகம். எல்லாம் பதிவுத் தபாலில். பளீல் நானா கொப்பி அடித்துத் தரும்போதே கேட்டார், "சேர், புள்ள கேட்டதா இத, இல்லாட்டி நீங்களா?" என்று. உங்கள் வேலையைப் பாருங்கள் என்றேன். இந்த நாட்டில் மேலிடத்துக்குப் பிரதி போடாத கடிதத்தை எவனும் திறப்பதில்லை, முப்பது வருடமாக அப்படியே பழகிய கை எனக்கு, எல்லா ஊரிலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

உன்னைக் கோச் அறைக்குக் கூப்பிட்டு, அவரிடம் திரும்பி வந்த பிரதிகளை மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்து, உங்கள் வீட்டார் உன்னை இங்கிருந்து எடுக்க விரும்புகிறார்களா, அப்படியென்றால் நான் தடுக்கமாட்டேன் என்று கேட்டதாகச் சொன்னாய். அன்றைக்கு நீ கடைசியாகச் சொன்னது எனக்கு மனப்பாடம். "பெஞ்சில இருந்தது எனக்கு வெக்கமா இல்லப்பா. இதுதான் வெக்கம்." அதற்கு நான் சொன்ன பதில் உனக்குக் கேட்டிராது, நீ அதற்குள் போனை வைத்துவிட்டாய். கேட்காமல் போனது நல்லது.

இப்போது போன கிழமை நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். மடுல்கெல்லக்காரன் என்று நான் ஏசுவதைக் கேட்டே வளர்ந்தவள் நீ. என் கையிலிருந்து பள்ளிக்கூட அணியைப் பறித்த பெட்டிசம், அதை அனுப்பிய தேயிலைத் தோட்டத்துத் தகப்பன், அந்த மனிதர். அவருடைய மகள் கஜலட்சுமி. திங்கட்கிழமை காலையில் நான் பளீல் நானாவின் கடையில் பேப்பர் பார்த்துக்கொண்டு இருந்தபோது ஓர் உயரமான பெண் பிறப்புச் சான்றிதழ் ஒன்றைக் கொப்பி எடுக்க வந்தாள், கடைப் படி மூன்றையும் பக்கவாட்டாக, ஒரு காலை இழுத்து இழுத்து ஏறினாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவள்தான், "சேர், சுவக்கின் சேர்தானே?" என்றாள். பளீல் நானாவுக்கு வாய் சும்மா இருக்குமா, "சேர்ட மகள் அமெரிக்காவில பெரிய டீம்ல ஈக்கிது, தெரியுமா?" என்று தொடங்கிவிட்டார். பேப்பரில் பார்த்தேன், மகள் விளையாடுகிறாரா என்று அவள் கேட்டாள். இந்த வருடம் பெஞ்சில் வைத்திருக்கிறார்கள் என்றேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "என்னைய வச்ச மாதிரியா சேர்?"

அனற், அந்தக் கதையில் நான் உனக்குச் சொல்லாமல் விட்ட பாதி ஒன்று இருக்கிறது. கஜலட்சுமிக்கு அப்போது பதினைந்து வயது, ஐந்தடி பதினொன்று, கால் இரண்டும் கித்துள் ஓலை ஈர்க்குப் போல மெல்லிசு. இவளை இப்போதே ஓட விட்டால் முழங்கால் போய்விடும் என்று கண்டு ஒரு வருடம் பெஞ்சில் வைத்துக் காலுக்கு மட்டும் பயிற்சி கொடுத்தேன். இப்போது உங்கள் கோச் செய்கிற அதே வேலை. தமிழ் சேரே தமிழ்ப் பிள்ளையை அமுக்குகிறார் என்று யாரோ தகப்பனுக்கு ஓதிக் கொடுத்திருக்கிறார்கள், அவர் கண்டிக்கு வந்து காசு கொடுத்து ஆள் பிடித்து எழுதுவித்தார். பள்ளிக்கூட அதிபருக்கு, வலயக் கல்விப் பணிப்பாளருக்கு, எம்.பி.க்கு, எல்லாருக்கும் பிரதி. விசாரணை வைத்து அணியை என்னிடமிருந்து எடுத்தார்கள். அடுத்து வந்தவர் அவளை முதல் ஆட்டத்திலிருந்தே முழு நேரமும் ஓட விட்டார். மூன்றாம் மாதம் முழங்காலின் உள்நரம்பு அறுந்தது. அந்தச் செய்தி வந்த அன்று நான் என்ன செய்தேன் என்று உன் அம்மாவைத் தவிர இன்றுவரை யாருக்கும் தெரியாது. சந்தோஷப்பட்டேன். இப்போது பார்க்கட்டும் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் அன்று இரவு என்னோடு பேசவில்லை, ஏன் என்று எனக்கு விளங்கவுமில்லை.

கஜலட்சுமிக்கு என் மேல் கோபம் இல்லை. தோட்டத்து முன்பள்ளியில் படிப்பிக்கிறாளாம். தகப்பன் இறந்து இரண்டு வருடம். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அப்பாவுக்கு தெரியும் சேர், அவரு செஞ்சது பிழைன்னு. ஒங்கள பாத்து ஒரு வார்த்த சொல்லணும்னு ரெண்டு தடவ கெளம்பி வந்தாரு. ரெண்டு தடவயும் பாதி வழியில வத்தேகமவுல பஸ்ஸ விட்டு எறங்கி, ஒரு டீய குடிச்சிட்டு திரும்பிட்டாரு." அவளுடைய கொப்பிக்கு நான் காசு கொடுக்கப் போனேன், வேண்டாம் என்று பளீல் நானா என்னைத் தடுத்துவிட்டு அவளிடமும் வாங்கவில்லை. அவள் படியிறங்கிப் போகும் வரை இரண்டு பேரும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவர் கேட்டார், "சேர், அந்த மனுசன் எத்தின கொப்பி போட்டீப்பாரு?" எனக்கு எண்ணிக்கை தெரியும். ஆறு. நான் ஏழு.

பந்து போடும் விதத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒன்பது வயதில் உன் கைக்கு வளையத்தின் உயரத்துக்கு எறிகிற பலம் இல்லை, அதனால் நெஞ்சிலிருந்து இரண்டு கையாலும் தள்ளப் பழக்கினேன். பிறகு நீ வளர்ந்தாய், புள்ளிகள் வந்தன, கோப்பைகள் வந்தன, மாற்றியிருக்கவேண்டும் என்று தெரிந்தும் மாற்றவில்லை. மாற்றினால் ஒரு வருடம் தோற்போம், தோற்றால் சங்கத்துக்காரர்கள் சிரிப்பார்கள், அதுதான் காரணம். போன செவ்வாய் ஆட்டம் தொடங்குமுன் நீங்கள் உடம்பைச் சூடேற்றுகிற நேரத்தில் கமரா உன் பக்கம் கொஞ்சம் நின்றது. ஒற்றைக் கையில், நெற்றிக்கு மேலிருந்து போட்டாய். ஆறில் ஐந்து விழுந்தது. அந்த முழங்கை நான் கொடுத்தது இல்லை. நன்றாக இருந்தது. இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். தேசிய கீதம் பாடும்போது சூயிங்கம் மெல்லுகிற உங்கள் கோச் மனுஷியை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை, ஆனால் அவருக்கு வேலை தெரியும்.

புதன்கிழமை விபூதிப் புதன். ஆறு மணிப் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வந்து, பளீல் நானாவின் கடையில் உட்கார்ந்து பெட்டிசத்தை வாபஸ் வாங்கிக் கடிதம் அடித்தேன். பழக்க தோஷத்தில் அடியில் ஏழு பேருடைய பெயரையும் வரிசையாக அடித்துவிட்டேன். அவர் எட்டிப் பார்த்து, "வாபஸ் வாங்கவும் ஏழு கொப்பியா சேர், புள்ளய இன்னொரு தரம் ஒப்பீசுக்கு கூப்புடவா?" என்றார். மனிதருக்கு நேரே சொல்கிற குணம். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வீட்டுக்கு வந்து கையால் எழுதினேன். பெட்டிசத்துக்குப் பதினான்கு பந்தி வேண்டியிருந்தது, இதற்கு மூன்று வரி போதுமாக இருந்தது.

குளிர் இன்னும் குறையவில்லை என்று அம்மா சொன்னாள், காதை மூடிக்கொண்டு நட. தவக்காலம் என்று சாப்பாட்டை விட்டுவிடாதே, பலம் ஏறவேண்டிய வருடம் இது, உனக்கும் சேர்த்து நான் இறைச்சி விட்டிருக்கிறேன், தனியாகச் சமைக்கிறவனுக்கு அது பெரிய ஒறுத்தலும் இல்லை. முழங்காலுக்குச் சொல்லித்தருகிற பயிற்சியை ஒரு நாளும் தவறவிடாதே, சலிப்பாக இருந்தாலும் செய், யார் கைதட்டாவிட்டாலும் செய். ஏழாம் நம்பர்காரி வந்தாலும் எழுந்து இடம் கொடு, அது உன் அம்மாவின் குணம், என்னிடமிருந்து வந்திருக்க முடியாது.

கோச்சுக்கு எழுதிய தாளை இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன். உறையை ஒட்டவில்லை. நேரே அவருக்கு அனுப்பியிருக்கலாம், ஆனால் உன்னைக் கேளாமல் உன் பெயரில் இன்னொரு கடிதம் இந்த வீட்டிலிருந்து போகக்கூடாது. வாசித்துப் பார். கொடுக்கலாம் என்றால் கொடு, வேண்டாம் என்றால் கிழித்துவிடு, உன் இஷ்டம். பிரதிகள் என்று எழுதுகிற இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். நான் செய்தது பிழை, மகள். இதை நேரே சொல்ல வழியில்லை, தாளிலாவது வத்தேகமவில் இறங்காமல் வந்து சேருகிறேன்.

ஆண்டவர் உன் காலையும் கையையும் காப்பாராக, மாதா உன் பக்கத்தில் இருப்பாளாக. பதில் எழுதவேண்டும் என்றில்லை. இது கையில் கிடைத்தால் ஒரு தடவை மணி அடிக்கவிட்டு வை, அந்த ரிங் கட் போதும். நான் எடுக்கமாட்டேன்.

என்றும் உன் அப்பா,
சுவக்கின்.