மறுபாதி காட்டினால் பிள்ளை

கார்த்திகை 3, திங்கள்

விடிந்த பிறகுதான் மழை விட்டது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு தாமதம். ஆயாக்கொட்டகையில் இன்று பதினெட்டுப் பிள்ளைகள். நாலு பேருக்கு இருமல். ஓர் ஏணையின் கயிறு இற்றுவிட்டது, மாற்ற வேண்டும்.

போன வாரம் சர்க்கார் லேபர் துரை வந்து தோட்டத்தைப் பார்த்துவிட்டுப் போனார், அதன் பலன். தோட்ட ஆபீஸ் பெரிய கிராணி கொட்டகைச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டினார். சின்னப் பிள்ளைகளை ரப்பர்க் காட்டு வேலைக்கு அனுப்பக்கூடாது. கொட்டகையில் விட்ட பிள்ளையைப் பெற்றவரிடமோ, அவர் அனுப்பிய ஆளிடமோ தவிர யாரிடமும் தரக்கூடாது. நல்ல சட்டம். ஆனால் அனுப்பிய ஆள் என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? சீட்டு எழுதியனுப்ப இங்கே எந்தத் தாய்க்கு எழுத்துத் தெரியும்?

நானே ஒரு வழி செய்தேன். தாய் தன் தலைத்துண்டில் ஒரு கீற்று கிழித்து, பால்வெட்டும் கத்தியால் இரண்டாக்க வேண்டும். பாதி பிள்ளையின் கையில் கட்டியிருக்கும், பாதி தாயிடம். மறுபாதி காட்டினால்தான் பிள்ளை. எல்லோருக்கும் சிரிப்பு. தைலம்மை மட்டும் சிரிக்காமல் முதல் ஆளாக அறுத்தாள். புருஷன் செத்து ஒரு வருஷம். மகள் வள்ளிக்கு ஆறு வயது.

4, செவ்வாய்

என் புத்தியை என்ன சொல்ல. தீபாவளிக்கு லயத்து வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் பாலோ டவுனில் ராவுத்தர் கடையில் ஒரே துணியில் துண்டு வாங்கியிருக்கிறார்கள். பதினெட்டுக் கையிலும் அதே சிவப்புக் கட்டம். கேலி தாங்கவில்லை. யார் பிள்ளையை வேண்டுமானாலும் தூக்கிப் போகலாமாம்.

கத்தி வெட்டின ஓரம் பொருந்துகிறதா என்று பார்ப்பேன் என்று சமாளித்தேன். அந்த வளைந்த கத்தியில் துணி நேராக அறுபடாது. ஆனாலும் எனக்கே அரை நம்பிக்கைதான். பால் டின்னில் எறும்பு.

5, புதன்



பத்து மணி வாக்கில் வள்ளியின் பெரியப்பா வந்தார். கங்காணிக்கு மச்சான். வெளுத்த வேட்டி, குடை. தைலம்மைக்குக் கடும் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், பிள்ளையைக் கேட்கிறாள் என்றார். கையில் சிவப்புக் கட்டக் கீற்று. வள்ளி ஓடிப்போய் அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். கொடுத்திருப்பேன். சொன்ன சொல்லுக்காக இரண்டு கீற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். வள்ளியுடையது கோணல். அவருடையது கையால் கிழித்த நேர் ஓரம்.

“துணியில என்னம்மா இருக்கு? நான் யாருன்னு தெரியாதா உங்களுக்கு?”

“தெரியுங்க. ஓரம் சேரலீங்க.”

வள்ளியை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். கொட்டகைச் சமையல்காரியைக் காட்டுக்கு ஓடவிட்டேன். தைலம்மை ஓடி வந்தாள், காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. மடியிலிருந்து மறுபாதியை எடுத்தாள். ரப்பர் பால் காய்ந்து விறைப்பாக இருந்தது. கோணலோடு கோணல் அப்படியே பொருந்தியது. அதற்குள் அவர் நழுவிவிட்டார்.

சிங்கப்பூரில் ஒரு வீட்டு வேலைக்கு வள்ளியைக் கேட்டாராம். தைலம்மை முடியாது என்றாளாம். மத்தியான ரயிலில் கொண்டுபோகப் பார்த்திருக்கிறார். சாயங்காலம் அடுத்த லயத்தில் ஒருத்தி, கொடியில் காய்ந்த தன் துண்டை எந்தப் பாவி கிழித்தான் என்று ஏசிக்கொண்டிருந்தாள்.

6, வியாழன்

கங்காணி பெரிய கிராணியிடம் புகார். ஆயா சொந்தப் பெரியப்பாவைத் திருடனாக்கிவிட்டாளாம். வேலை போயிற்று என்றே நினைத்தேன். பெ.கி. கங்காணியைக் கொட்டகைக்கே கூட்டிவந்து, காகிதத்தை முழுக்கப் படித்துக் காட்டினார்.

“இதுல பெரியப்பான்னு எங்கயாவது எழுதியிருக்கா?”

அவ்வளவுதான். கங்காணி போய்விட்டார். நன்றி சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. பெ.கி. நல்லா இருக்கட்டும். முகம்கூட நினைவில்லாத அந்த லேபர் துரையும் நல்லா இருக்கட்டும்.

ஏணைக் கயிறு மாற்றியாயிற்று.

10, திங்கள்

நல்ல மழை. தைலம்மை கீற்றை லயத்தில் மறந்துவிட்டு வந்து நின்றாள். அவளைத் தெரியாதா எனக்கு, கூட்டிப் போ என்றேன்.

“வேணாம் ஆயாம்மா. என்கிட்டயும் கேளுங்க.”

நனைந்துகொண்டே போய் எடுத்து வந்தாள். நான் கையை நீட்டுவதற்குள் வள்ளி அதை வாங்கி, தன் கையில் கட்டியிருந்ததோடு ஓரம் சேர்த்துப் பார்த்தாள். இரண்டு தரம் பார்த்தாள். பிறகுதான் அம்மாவோடு போனாள்.