பன்னிரண்டாவது பெயர்

நவம்பர் 28

அன்பு மகள் எடலினுக்கு அம்மா எழுதுவது.

தைச்சுங்கில் குளிர் தொடங்கிவிட்டது என்றாய். சளி பிடிக்காமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கிறாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உன் அண்ணன் ஆர்னெலும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் என்றால் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார், பாதியில் லைன் அறுந்துபோகும், நீயும் வேலைக்கு நேரமாகிவிட்டது என்பாய். பதினேழு வருஷம் கவுன்சில் செயலாளராக இருந்து கூட்டக் குறிப்பு எழுதியவளுக்கு வாயைவிடக் கைதான் ஒழுங்காக வேலை செய்கிறது. லெட்டிசியா விடுமுறை முடிந்து ஞாயிற்றுக்கிழமை அங்கே திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் பிரிக்காதே, விடுமுறை நாளில் உட்கார்ந்து படி.

முதலில் வீட்டு விஷயம். வெள்ளத்தில் ஃப்ரிட்ஜ் போய்விட்டது. அறுத்துவைத்த நெல்லில் நாலு மூட்டை முளைத்துவிட்டது. சுவரில் சேற்றுக் கோடு என் தோள் உயரத்துக்கு இருக்கிறது, எத்தனை முறை தேய்த்தாலும் காய்ந்ததும் மறுபடி தெரிகிறது. பன்றி பிழைத்துக்கொண்டது, ஆர்னெல் அதை மாடிப்படியில் கட்டிவிட்டு வந்தான், அது கயிற்றை அறுத்துக்கொண்டு போய் உன் கட்டிலில் படுத்திருக்கிறது, மெத்தையைத் தூக்கிப் போடவேண்டியதாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. கவுன்சில் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்லவேண்டும். சேறு அள்ள ஆள் வந்தது, வீட்டுக்கு வீடு பிளீச்சிங் பவுடர் வந்தது, கிணறுகளை இறைத்துக் கொடுத்தார்கள். தண்ணீர் முழுக்க வடிவதற்கு முன்னாலேயே பேனரும் ஏறிவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை, நன்றி கேப்டன் என்று போட்டு, எழுத்தைவிடப் பெரிதாக நம் கவுன்சில் தலைவரின் சிரித்த முகம். ஊருக்கே மனாங்காக, அக்காவாக இருந்த பசிலியாவை அடக்கம் செய்து பதினைந்து நாள் ஆகியும் அதை இன்னும் இறக்கவில்லை. கவுன்சில் கணக்குப்படி அவர் வெள்ளத்தில் சாகவில்லை, அதனால் இறக்கவேண்டியதில்லை. அந்தப் பேனருக்குக் கீழேதான் நான் தினமும் ஆபீஸுக்குப் போய்வருகிறேன்.

நாங்கள் உனக்கும், அங்கேயே வேலை பார்க்கும் அவர் மகன் ரோடலுக்கும் சொன்னது என்ன? மனாங் பசிலியா எல்லோரோடும் மைதானத்து முகாமுக்கு வந்தார், பிறகு யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குத் திரும்பிப் போனார், அங்கே தண்ணீரில் மாட்டிக்கொண்டார் என்று. அது பொய், எடலின். மனாங் பசிலியா முகாமுக்கு வரவே இல்லை. எது நடந்ததோ அதை வரிசையாக எழுதுகிறேன், நடுவில் நிறுத்தினால் மறுபடி எழுத முடியாது.

ஒன்பதாம் தேதி காலையில் இரண்டாவது சைரன் ஊதியதும் அப்பா ட்ரைசைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றோரச் சந்துக்குப் போனார். மனாங் பசிலியா பையைக் கட்டி வாசலில் தயாராக நின்றிருக்கிறார். ஆனால் பக்கத்து வீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண் இருந்தாள், அவளை ஏற்றிவிட்டுத் தன் பையை மட்டும் அப்பா மடியில் வைத்திருக்கிறார். "இந்தப் பைய வச்சு எனக்கு ஒரு எடம் புடிச்சு வை அம்போ, நான் அடுத்த ட்ரிப்ல வர்றேன்" என்றாராம். கூரை போட்ட அந்தக் கூடைப்பந்து மைதானத்தில் அப்பா நம் பாய்க்குப் பக்கத்தில் இன்னொரு பாயை விரித்து, மேலே பையை வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். அதற்குள் பாலத்தடியில் தண்ணீர் ஏறி வண்டி நின்றுவிட்டது. கவுன்சில் லாரி அந்தப் பக்கம் போயிருக்கிறது, எல்லோரையும் ஏற்றிவிடும் என்று யாரோ சொன்னார்கள், அப்பா நனைந்துகொண்டு திரும்பிவந்தார். லாரி போனது உண்மை. சந்து முனையில் நின்று ஹாரன் அடித்து, வந்தவர்களை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டது. உள்ளே போகவில்லை.

மத்தியானம் மூன்று மணிக்கு நான் மைக்கில் பேர் கூப்பிட்டேன். நம் ஊரில் பேர் கூப்பிடுவது எப்படி என்று உனக்குத் தெரியும். ஒருத்தருக்காக இன்னொருத்தர் குரல் கொடுப்போம், ஆள் கழிப்பறை வரிசையில் நிற்பார், குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருப்பார், பேர் விட்டுப்போனால் அரிசிப் பையும் மீன் டப்பாவும் வாங்க மறுபடி வரிசையில் நிற்கவேண்டும். பதினேழு வருஷமாக அப்படித்தான், நானும் ஒரு தடவைகூட ஆளைக் காட்டு என்று கேட்டதில்லை, கேட்டால் சண்டைக்கு வருவார்கள். பசிலியா தும்லோஸ் என்று கூப்பிட்டேன். "இருக்காங்க, இருக்காங்க, பை இங்கதான இருக்கு" என்று ஒரு குரல். நான் டிக் அடித்தேன். அந்தக் குரல் உன் அப்பாவுடையது. லாரியில் வந்துவிட்டார், கூட்டத்தில் எங்கேயோ இருக்கிறார் என்று அவர் மனதார நம்பியிருக்கிறார். நான் தலையைத் தூக்கிப் பார்க்கக்கூட இல்லை.

நாலு மணிக்கு நகராட்சிப் படகு வந்தது. படகுக்காரர்கள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், யார் யார் இன்னும் வரவில்லை என்று. டிக் இல்லாத பேர்களை வாசித்தேன். பதினோரு பேர். இருட்டுவதற்குள் பதினோரு பேரையும் கொண்டுவந்துவிட்டார்கள், மைதானமே கைதட்டியது, நானும் தட்டினேன். ஆற்றோரச் சந்திலிருந்து ஒரு பேரும் அந்தப் பட்டியலில் இல்லாததால் படகு அந்தச் சந்துக்குள் திரும்பவே இல்லை. சாயங்காலம் இடம் போதாமல் வயதானவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். மனாங் பசிலியா அங்கே இருப்பார் என்று நாங்கள் நினைத்தோம், அங்கிருந்தவர்கள் இங்கே இருப்பார் என்று நினைத்தார்கள். அவருக்குக் கொடுத்த அரிசிப் பையை அப்பா அந்தப் பாயிலேயே பத்திரமாக வைத்திருந்தார்.

மூன்றாம் நாள் தண்ணீர் இறங்கி, வீட்டுக்குக் கிளம்பினோம். அப்பா வழக்கம்போல மைதானத்து வாசலில் நின்று எங்கள் உயிர் அங்கேயே தங்கிவிடக்கூடாது என்று ஒவ்வொருத்தர் பேராகச் சொல்லிக் கூப்பிட்டார், டோலோர் வா, இங்கேயே இருந்துடாதே, ஆர்னெல் வா, இங்கேயே இருந்துடாதே என்று. பன்றியையும் கூப்பிடுங்கள் அப்பா, கோபித்துக்கொள்ளப்போகிறது என்று ஆர்னெல் சொல்லி எல்லோரும் சிரித்தோம். பிறகு அப்பா பையையும் அரிசியையும் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று மனாங் பசிலியா வீட்டுக்குப் போனார்.

அப்பாதான் பார்த்தார். அதை விவரிக்க மாட்டேன். ஜன்னல் கம்பியில் ஒரு சிவப்புத் துண்டு கட்டியிருந்தது, அதை மட்டும் சொல்கிறேன். ஜூலையில் கவுன்சில் நடத்திய பயிற்சியில் நான்தான் மைக்கில் சொன்னேன், மாட்டிக்கொண்டால் பயப்படாதீர்கள், பளிச்சென்ற துணியை ஜன்னலுக்கு வெளியே கட்டுங்கள், படகு நிச்சயம் வரும் என்று. முன் வரிசையில் உட்கார்ந்து, எந்தக் கலர் துணி நல்லது என்று கேட்டவர் மனாங் பசிலியா. சிவப்பு என்று நான்தான் சொன்னேன். மூன்று முடிச்சுப் போட்டிருந்தார், அப்பாவால் அவிழ்க்க முடியவில்லை.

அதற்குள் கவுன்சிலிலிருந்து உயிர்ச்சேதம் இல்லை என்று நகராட்சிக்கு அறிக்கை போயாகிவிட்டது. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் கூட்டம் போட்டார்கள். பட்டியலில் டிக் இருக்கிறது, ஆகவே முகாமில் இருந்தவர் தானாகத் திரும்பிச் சென்று இறந்தார், அது வெள்ளச் சாவுக் கணக்கில் வராது என்று தீர்மானம். ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை, எடலின். என் கையாலேயே எழுதி, இதில் உள்ளது உண்மை, சரி என்று சான்றளிக்கிறேன் என்று போட்டுக் கையெழுத்தும் வைத்தேன். திறந்தால் உன் அப்பா பேர் வரும் என்று பயந்தேன். அதைவிட என் டிக் வெளியே வரும் என்று பயந்தேன், அதுதான் நிஜம்.

அன்றிலிருந்து என்னால் பேர் கூப்பிட முடியவில்லை. கூரைத் தகடு கொடுக்கும்போது கூப்பிடவேண்டியிருக்கிறது, ஒவ்வொரு பேருக்கும் பதில் வரும்போது எனக்கு அந்தப் பதில்தான் கேட்கிறது, இருக்காங்க, இருக்காங்க. மைதானத்தில் பாய் விரித்திருந்த இடம் காலியாகக் கிடக்கிறது, பந்து அந்த மூலைக்கு உருண்டால் பையன்கள் ஒருத்தரை ஒருத்தர் போகச் சொல்கிறார்கள். அப்பா ஒரு தட்டுச் சோறு தனியாக எடுத்துவைக்கிறார். நான் காரணம் கேட்பதில்லை. நேற்று பட்டப்பகலில் மைதானத்தைக் கடக்கும்போது யாரோ பொறுமையாக என் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. திட்டினால்கூடத் தேவலை, அவர் யாரையும் திட்டத் தெரியாதவர்.

போன செவ்வாய்க்கிழமை ரோடல் எனக்குப் போன் செய்தான். உனக்குச் சொன்னானோ என்னவோ. லீவு கிடைக்காமல் தாயின் அடக்கத்தைப் போனிலேயே பார்த்தவன், என்ன பேசுவான் பாவம், மழை விட்டதா என்றான், அப்பா எப்படி இருக்கிறார் என்றான். பிறகு கேட்டான். "ஆன்ட்டி, அம்மா அந்தப் பெட்டிக்காகத்தான திரும்பிப் போனாங்க? பத்திரமா வச்சுக்கோங்கன்னு நான்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்." அக்டோபரில் அவன் கப்பலில் அனுப்பிய சாமான் பெட்டி. நான் என்ன சொன்னேன் தெரியுமா, அப்படியெல்லாம் நினைக்காதே மகனே என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன். என் டிக்கை அந்தப் பிள்ளை தன் தலையில் தூக்கிக்கொண்டு அலைகிறான், நான் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்று அப்பாவும் நானும் முதல்முறையாக அந்தப் பையைத் திறந்தோம். ரோடல் அனுப்பிய ஸ்வெட்டர், டார்ச், தைலம், மூட்டு வலி மாத்திரை, எல்லாம் அதில்தான் இருந்தது. சாக்லேட்டை வந்த அன்றே சந்து முழுக்கப் பங்கு வைத்துவிட்டார், நமக்கும் ஒரு பங்கு வந்தது. பெட்டியில் வந்ததில் ஒன்றும் வீட்டில் இல்லை. டார்ச்சைக்கூடப் பையில் கொடுத்தனுப்பிவிட்டார். திரும்பிப் போவதற்கு அங்கே எதுவும் இல்லை, அவர் அங்கிருந்து கிளம்பவும் இல்லை.

மறுநாள் கேப்டனிடம் போய் என் சான்றைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். அவரைக் கெட்டவர் என்று நினைக்காதே, இரண்டு நாள் மார்பளவு தண்ணீரில் நின்று ஊராரைத் தூக்கியவர், காலில் புண் இன்னும் ஆறவில்லை. "யோசிச்சுக்கோங்க மனாங். உங்க டிக் மட்டும் வெளிய வராது, அம்போ அண்ணன் கொரலும் வரும். சாகற வரைக்கும் ஊர் அவரச் சொல்லும்" என்றார். அது மிரட்டல் இல்லை, அக்கறைதான். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். பன்றிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. "என் பேரையும் எழுது டோலோர். அம்போன்னு எழுதாத, அம்புரோசியோன்னு முழுசா எழுது" என்றார்.

எழுதி நேற்று நகராட்சியில் நேரில் கொடுத்துவிட்டேன். விசாரணை வரும், வேலை போகும், பேச்சும் வரும். ஆர்னெல் கோபமாக இருக்கிறான், என்னோடு பேசுவதில்லை, நாளாக நாளாகச் சரியாகிவிடுவான். நீ ஊருக்கு வரும்போது எவளாவது ஏதாவது சொன்னால் வாதாடாதே, அவர்கள் சொல்வது நிஜம்தான்.

இப்போது உன்னிடம் கேட்பது. டிசம்பர் பத்தொன்பதாம் தேதி நாற்பதாம் நாள். அதற்குப் பிறகு கூப்பிட்டால் காதில் விழாது என்பார்கள். அவர் செத்தது வீட்டில் என்றாலும், எழுத்தில் நான் அவரை உட்காரவைத்தது மைதானத்தில், அவரை அங்கிருந்து யாரும் கூப்பிடவில்லை. அன்று மத்தியானம் மூன்று மணிக்கு அப்பா அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வருவார், நான் அந்த மூலையில் போனைப் பிடித்துக்கொள்கிறேன். அம்மா வாங்க, இங்கேயே இருந்துடாதீங்க என்று ரோடல் கூப்பிடவேண்டும். பிள்ளை கூப்பிட்டால் எழுந்து வந்துவிடுவார், அவர் குணம் அது. ஆனால் பெட்டியால்தான் அம்மா போனார் என்று நினைத்துக்கொண்டிருந்தால் அவனுக்குக் குரல் எழும்பாது. அதனால் அதற்கு முன்னால் அவனைக் கூப்பிட்டு, முதலில் வயிறு நிறையச் சாப்பாடு போட்டு, இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரை வாசித்துக் காட்டு. எதையும் விடாதே, அப்பாவுக்காகவோ எனக்காகவோ மெதுவாக்காதே. அவன் அழுதால் அழட்டும், எங்களைத் திட்டினால் நீ குறுக்கே பேசாதே. அதற்கப்புறமும் அவனுக்கு எங்கள் போனில் பேச மனமில்லை என்றால், லெட்டிசியா வீட்டு நம்பரைக் கொடு, அவள் தங்கை போனைப் பிடிப்பாள், நாங்கள் தள்ளி நிற்கிறோம்.

கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ, ஓவர்டைம் என்று உடம்பைப் போட்டு வதைக்காதே. பத்தொன்பதாம் தேதி, மத்தியானம் மூன்று மணி, மறந்துவிடாதே.

இதில் உள்ளது உண்மை, சரி என்று சான்றளிக்கிறேன்.

உன் அம்மா,
டோலோரஸ்