முழங்கால் ஆழம்

அப்பா,

காலையிலிருந்து நம் தெருவில் பாதாளச் சாக்கடைக்குப் பள்ளம் எடுக்கிறார்கள். ஜன்னலைச் சாத்தியும் அடிமண்ணின் ஈர வாசனை வீட்டுக்குள் வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் எட்டிப் பார்த்திருப்பாய்; இயந்திரம் ஓட்டுகிறவனிடம் ஏதாவது குறை சொல்லி, வாங்கிக் கட்டிக்கொண்டும் வந்திருப்பாய். எனக்கு எட்டிப் பார்க்கத் தைரியம் இல்லை. அடுப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

பட்டாளத்துக்காரர் என்றால் நம் ஊரில் துப்பாக்கிதான். டீக்கடையில் யாராவது, "வங்காளச் சண்டைல எத்தினி பேர சுட்டப்பா?" என்று கேட்பார்கள்.

"நான் பயனியர் கம்பெனிபா. ரோடு போட்டேன், மூட்டை தூக்குனேன், பள்ளம் வெட்டுனேன்" என்பாய். சிரிப்பார்கள். நீயும் சேர்ந்து சிரிப்பாய். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

ஊருக்கு வந்தும் கடப்பாரை உன்னை விடவில்லை. கல்யாணமான புதிதில் நான் குடியிருந்த பிள்ளையார்பாளையம் தெருவில், ஒரு நெசவாளர் புதுத் தறி போட உன்னைக் கூப்பிட்டார். கால் விட்டு உட்கார்ந்து மிதிக்க ஒரு குழி வேண்டும், அவ்வளவுதான். நீ மார்பளவுக்கு வெட்டிவிட்டாய். அவர் விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டிக் காட்டினார்.

"தொங்கிக்கினு இருக்குது பாரு! தறிக்குழி கேட்டா கெணறு வெட்டி வெச்சிருக்கியே பா!"

தெருவே கூடிச் சிரித்தது. அன்றைக்கு நீ சிரிக்கவில்லை. மண்ணை அள்ளித் திரும்பப் போட்டாய்.

உன்னைப் பஸ் ஏற்றிவிட நடந்தபோதுதான் சொன்னாய். அதுவும் அந்த ஒரு தடவைதான்.

"சண்டைல எங்கூட ஒண்ணா ஒக்காந்து சாப்ட்டவன் மா. குண்டு உழுந்து செத்துட்டான். நாங்கதான் பொதைச்சோம். மேல சுட்டுக்கினே இருக்கான், சீக்கிரம் சீக்கிரம்ன்றாங்க. முழங்கால் ஆழம்தான் வெட்ட முடிஞ்சுது. அப்புறம் அதே வழியா திரும்பி வந்தோம்."

நின்றுவிட்டாய். "நரி தோண்டியிருந்துச்சு மா."

கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தபோதும் நீ என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "ஆழமா வெட்டச் சொல்லு மா. நீ பாத்துக்கோ."

நம் ஜனங்களில் புதைப்பதுதான் வழக்கம். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவதும் வழக்கம். நான் நிற்கவில்லை. பாடைக்குப் பின்னாலேயே பாலாற்றங்கரை இடுகாட்டுக்கு வந்தேன். சித்தப்பா கையைப் பிடித்து இழுத்தார். "பொம்பள இங்க வரக்கூடாது மா, சொன்னா கேளு." அடைமழை. குழி வெட்டுகிறவர் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலேயே நிறுத்தியிருந்தார்.

"ஊத்து வந்துக்கினே இருக்குதுமா. இதுவே போதும்."

போதாது என்று கத்தினேன். அப்படி நான் யாரிடமும் கத்தியதில்லை, அப்பா. ஒருவரும் அசையவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானே இறங்கி மண்வெட்டியைப் பிடுங்கினேன். அள்ள அள்ளச் சேறு சரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா வேட்டியை மடித்துக்கொண்டு எனக்கு எதிரில் இறங்கினார். பிறகு மற்றவர்களும் வாளியால் தண்ணீர் இறைத்தார்கள். குழி என் தோள்வரை ஆழமான பிறகுதான் ஏறினேன்.

'பொம்பள குழியில எறங்கிட்டா' என்று சொந்தக்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள். பேசட்டும். உன்னிடம் எந்த நரியும் வராது. ஆனால் நீ படுத்திருக்கும் இடத்தில் உனக்கு முன்பே நான் நின்றிருக்கிறேன், அப்பா. அங்கே எவ்வளவு குளிரும் என்று எனக்குத் தெரியும்.